மடிக்கணினியின் திரையை மாற்றிய பின்னர்

மடிக்கணினியின் திரை உடைதல் இக்காலத்து மாணவர்க்கு நேரும் இடர்களுள் பெரிதும் பழகிப்போன ஒன்றாகும். எழுதுகோல் ஒன்றை விசைப்பலகையின்மீது மறந்து வைத்துவிட்டு மூடியை அமுக்கி மூடுதல், புத்தகப் பையினுள் வைத்த கணினியோடு பேருந்து நெரிசலிற் புகுதல், படுக்கையில் வைத்தவாறே உறங்கிப்போதல் ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்றே அதற்குப் போதும். உடைந்த திரையை நீக்கிப் புதியதொன்றை இடுதல் பெரிய வித்தையன்று. திருப்புளியும் பொறுமையும் உடையார் எவரும் ஒருமணி நேரத்திற் செய்து முடிக்கலாம். ஆயினும், இட்டபின்பு கணினியை இயக்குங்கால், திரை இருண்டே கிடத்தலும், வெறும் வெண்மையாய் நிற்றலும், கோடுகளோடு தோன்றுதலும், மூடியை அசைக்குந்தோறும் மின்னி மறைதலும் பலர்க்கு நேர்கின்றன. அப்பொழுது எதனை முதலிற் பார்ப்பது, எதனை ஐயுறுவது, எதனை ஐயுறாது விடுவது என்பதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தம் கணினியைத் துணிப்பை ஒன்றில் இட்டு எம் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தார். மேற்கூறியவாறு எழுதுகோல் ஒன்றால் உடைந்த திரையை நீக்கி, விடுமுறைக் காலத்தில் அச்சகம் ஒன்றிற்குத் தட்டச்சு செய்துகொடுத்து ஈட்டிய பொருளைக்கொண்டு, புதுத்திரை ஒன்றை வருவித்துத் தாமே பொருத்தியிருந்தார். பொருத்தி இயக்கியபொழுது விசிறி சுழலும் ஒலி கேட்டது. பொத்தானருகே சிறுவிளக்கு எரிந்தது. திரையோ கரும்பலகைபோற் கிடந்தது. பழுது பார்க்குங் கடை ஒன்றிற் காட்டினார். கடைக்காரர் அதனைத் திறந்தும் பாராது, "மதர்போர்டு போய்விட்டது; புதிது போடவேண்டும்" என்று சொல்லி, அக்கணினியின் விலையிற் பாதிக்கு மேற்பட்ட தொகை ஒன்றைக் கூறிவிட்டார். "ஐயா, என் திட்டக்கட்டுரை முழுவதும் இதனுள் இருக்கிறது, வேறோரிடத்தில் படி எடுத்து வைக்கவில்லை, ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள்தாம் இருக்கின்றன" என்று அவர் எம்மிடம் கூறியபொழுது அவர் குரல் தழுதழுத்தது.

இத்தகைய நேரத்தில் முதற்கண் செய்யத்தக்கது ஒன்றே. கணினியின் பக்கத்தே உள்ள எச்.டி.எம்.ஐ. வாயில் வேறொரு மானிட்டரையேனும் தொலைக்காட்சியையேனும் வகுப்பறைப் புரொஜெக்டரையேனும் இணைத்து, விண்டோஸ் விசையையும் 'பி' என்னும் எழுத்து விசையையும் ஒருங்கே அழுத்திப் பார்த்தல் வேண்டும். அங்கே படம் செவ்வனே தோன்றுமாயின், தாய்ப்பலகையும் படம் வரையும் சில்லும் நினைவகமும் வட்டும் உயிரோடுள்ளன என்பது தெளிவு. யாம் அவ்வாறே இணைத்தோம். பெரிய திரையில் அம்மாணவர்தம் கோப்புகள் வரிசையாய்த் தோன்றின. வேறெதனையும் தொடுமுன்னர் அவற்றைப் பென்டிரைவ் இரண்டிற் படியெடுத்துக் கொடுத்தோம். கட்டுரை பிழைத்தது, கணினி பிழைக்குமோ என்பது அடுத்த வினா. அச்சோதனைக்கு இரண்டு நிமிடமே பிடித்தது. கடைக்காரர் அதனைச் செய்து பார்த்திருப்பின் தாய்ப்பலகையைப் பழித்திரார்.

மேலே செல்லுமுன் திரை என்பது எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிறிது அறிதல் நலம். திரை தானாக ஒளிர்வதன்று. கண்ணாடித் தகடுகள் இரண்டன் நடுவே திரவப்படிகம் என்னும் பொருள் உள்ளது. அஃது ஒளியை மறைப்பதும் விடுப்பதுமாகிய கதவுபோல் ஒவ்வொரு படப்புள்ளியிலும் தொழில் புரிகின்றது. அக்கதவுகளின் பின்னே எப்பொழுதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கே பின்னொளி எனப்படும். 2010ஆம் ஆண்டையொட்டிய காலம்வரை வந்த கணினிகள் பலவற்றில் இவ்விளக்கு மெல்லிய குழல்விளக்காய் இருந்தது. அதற்குப் பல நூறு வோல்ட்டு மின்னழுத்தம் ஊட்டுதற்கு இன்வெர்ட்டர் என்னும் சிறு பலகை ஒன்று திரையின் அடியில் இருந்தது. பின்னர் எல்.இ.டி. என்னும் ஒளிகாலும் பொட்டுகள் அதன் இடத்தைக் கொண்டன, இன்வெர்ட்டரும் மறைந்தது. இன்றைய திரைகட்கு மூன்று பொருள்கள் ஒரே கேபிள் வழியாகச் செல்கின்றன: படத்தின் செய்தி ஒன்று; திரையின் உள்ளறிவை இயக்கும் 3.3 வோல்ட்டு மின்சாரம் ஒன்று. பின்னொளிக்கு வேண்டிய உயர்ந்த மின்சாரம் ஒன்று. கடைசியிற் கூறிய இது பல கணினிகளில் அடாப்டரினின்றோ பாட்டரியினின்றோ நேரே வருவதாய், 19 வோல்ட்டு வரையில் இருப்பதுண்டு. இம்மூன்றனுள் எது வரவில்லை என்று கண்டுகொள்ளுதலே பழுதறியும் கலை முழுவதும் என்னலாம்.

மூன்றும் தனித்தனியே நின்றுபோதல் கூடும். நின்றால் தோன்றும் குறியும் வெவ்வேறு. பின்னொளி எரிந்து, படச்செய்தி வாராதாயின், திரை வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ வெறுமையாய் ஒளிரும். படச்செய்தி வந்து, பின்னொளி எரியாதாயின், திரை இருண்டிருக்கும். ஆயினும் அவ்விருளினுள்ளே படம் மறைந்து நிற்கும். இரண்டும் இன்றேல் வெற்றிருள். பின் இரண்டனையும் பிரித்தறிதற்குக் கைப்பேசியின் டார்ச்சு விளக்கே போதும். அறையை இருளாக்கி, விளக்கைத் திரைக்கு மிக அணித்தாகச் சாய்த்துப் பிடித்து உற்று நோக்கின், பின்னொளி மட்டும் அற்ற திரையில் எழுத்துகளும் படங்களும் நீரடியிற் கிடக்கும் கூழாங்கற்கள்போல் மங்கலாய்த் தென்படும்.

எம் மாணவர் கணினியில் அவ்வாறே தென்பட்டன. விண்டோஸின் நுழைவுப் பக்கத்தில் கடிகாரம் பத்து மணி நாற்பது நிமிடம் என்று காட்டிக்கொண்டிருந்தது. திரை உயிரோடிருந்தது, அதன் விளக்கு மட்டுமே அணைந்து கிடந்தது. ஆகவே ஐயம் பின்னொளியின் வழியிற் சென்று நின்றது.

அவ்வழியில் தாய்ப்பலகையின்மேல், கேபிள் செருகும் வாயின் அருகே, அரிசிமணியிலும் சிறியதொரு பியூஸ் உண்டு. வீட்டு மின்பலகையில் உள்ள பியூஸ் செய்யும் தொழிலையே இதுவும் செய்வது. பின்னொளிக் கம்பி எங்கேனும் உலோகத்தைத் தொடுமாயின், இஃது எரிந்து தன்னை மாய்த்துக்கொண்டு பிறவற்றைக் காக்கும். மல்டிமீட்டர் கொண்டு அளந்தோம். பியூஸின் ஒருபுறம் மின்சாரம் இருந்தது, மறுபுறம் இல்லை. "திரையைச் செருகும்பொழுது பாட்டரியைக் கழற்றினீரா?" என்று வினவினோம். "கணினியை அணைத்துத்தான் இருந்தேன், ஐயா, பாட்டரியைக் கழற்றவில்லை" என்றார்.

இப்பிழையைச் செய்யாதார் அரியர். ஆகலின் இதனைச் சிறிது விரித்துரைப்போம். கணினியை அணைத்தல் வேறு, மின்சாரத்தை அகற்றுதல் வேறு. பாட்டரி உள்ளே இணைந்திருக்குமளவும் தாய்ப்பலகையின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். இன்றைய திரைகளிற் பெரும்பான்மையும் 30 பின் உடைய வாயைக் கொண்டவை. அவ்வாயின் அகலம் ஓர் அங்குலத்திற்கும் குறைவே. அதனுள் 3.3 வோல்ட்டுப் பின்களும், பின்னொளியின் உயர்மின் பின்களும், நுண்ணிய படச்செய்திப் பின்களும் ஒருங்கே நெருங்கி நிற்கின்றன. கேபிளைச் சிறிது சாய்த்துச் செருகினும், பாதி செருகி அசைத்தாலும், உயர்மின் தொடத்தகாத பின்னைத் தொடும். தொட்ட இமைப்பொழுதில் பியூஸ் எரிவது நல்வினை என்றே சொல்லலாம். திரையின் உள்ளறிவோ தாய்ப்பலகையின் சில்லோ எரிதலும் உண்டு. ஆதலால் அடாப்டரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்து பாட்டரியின் இணைப்பை விலக்கி, அதன்பின் இயக்கப் பொத்தானை இருபது நொடியளவு அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னையும் வடித்துவிட்டுத்தான் திரையின் கேபிளைத் தொடுதல் முறை. இஃது ஐந்து நிமிட வேலை. பலரும் இதனை விடுவதற்குக் காரணம், அடிமூடியின் திருகாணிகள் பத்துப் பன்னிரண்டு இருப்பதும், திரையின் முன்சட்டமோ நகத்தால் நெம்பினாலே வந்துவிடுவதுமே.

ஆய்வுக்கூடத் துணைவர் உருப்பெருக்கியின் கீழ்ப் புது பியூஸ் ஒன்றைப் பற்றவைத்தார். பாட்டரியை இணைத்து இயக்கினோம். திரை பளிச்சென ஒளிர்ந்தது. மாணவர் முகமும் ஒளிர்ந்தது. எம் முகங்களும் அவ்வாறே என்பதை மறைப்பானேன்? சட்டத்தை அமுக்கிப் பொருத்தி, மூடியை மூடி, தேநீர் அருந்திவிட்டு வந்து திறந்தோம். மறுபடியும் இருள். புது பியூஸும் எரிந்து போயிருந்தது.

இதற்குக் காரணமாகிய எம் தவற்றைப் பின்னர்க் கூறுவோம். அதன்முன், பிறர்க்கு நேரும் ஏனைய குறைகளையும் அவற்றின் காரணங்களையும் ஒருவாறு காண்போம்.

திரை வாங்கும்பொழுதே நேரும் பிழை ஒன்றுண்டு. '15.6 அங்குலத் திரை' என்று மட்டும் சொல்லி வாங்குவோர் பலர். அளவு ஒத்தால் திரை ஒத்ததாகாது. படச்செய்தி செல்லும் முறை இரண்டாகும்: பழைய முறை எல்.வி.டி.எஸ்.; புதிய முறை ஈ.டி.பி. பின்னதன் இலக்கணத்தை வீசா என்னும் அமைப்பு 2008ஆம் ஆண்டு வெளியிட்டது. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள் பழைய முறையை 2013ஆம் ஆண்டிற்குள் கைவிடுவதாக அறிவித்தன. ஆகலின் அவ்வாண்டுகளையொட்டிச் செய்த கணினிகளில் ஒரே தோற்றமுடைய இரண்டில் ஒன்று பழைய முறையும் மற்றொன்று புதிய முறையும் உடையனவாய் இருத்தல் கூடும். பழைய முறைத் திரைகள் பலவற்றிற்கு 40 பின். புதிய முறையில் 30 பின்னும் உண்டு, மிக நுண்ணிய படமோ விரைந்த படமோ தொடுதிரையோ உடையவற்றில் 40 பின்னும் உண்டு. இவ்விடத்தேதான் மயக்கம். இரண்டு முறையின் 40 பின் வாய்களும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும், செருகினாலும் செருகிக்கொள்ளும், ஆயின் பின்களின் தொழில் முற்றும் வேறு. செருகி இயக்கினால் மின்சாரம் செல்லத்தகாத வழியிற் செல்லும். 'செருகிக்கொண்டது, ஆகவே பொருந்திற்று' என்னும் நியாயம் இங்கே செல்லாது.

இதற்கு மருந்து எளிது. உடைந்த திரையின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் எண் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்ணையே, கடைசி எழுத்து வரையில், எழுதிக்கொண்டு சென்று வாங்குதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 'என்156பிஜிஇ-எல்41' என்பதும் 'என்156பிஜிஇ-இ41' என்பதும் ஓரெழுத்தால் மட்டும் வேறுபடுவன. எல் என்னும் எழுத்துடையது பழைய முறை. இ என்பதுடையது புதிய முறை. 156 என்பது 15.6 அங்குலத்தைக் குறிக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ பிற ஊர்க்கடைகளிலோ எண்ணைச் சொல்லிக் கேட்பார்க்கும், 'பெரிய திரை ஒன்று' என்று கேட்பார்க்கும் கிடைக்கும் பொருள் ஒன்றாய் இராது. பழைய திரையைக் கையோடு கொண்டுசெல்லுதல் இன்னும் நன்று.

மற்றொரு பிழை ஆசையால் வருவது. 1366க்கு 768 படப்புள்ளி உடைய திரையை நீக்கி, 1920க்கு 1080 உடைய தெளிந்த திரையை இடுவோம் என்று எண்ணுவோர் பலர். இருவகைக்கும் 30 பின்னே, வாயும் ஒன்றே. ஆயினும் படம் தோன்றாது, அன்றேல் குலைந்து தோன்றும். ஏன்? கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய திரையின் படப்புள்ளிகள் ஏறக்குறைய 10.5 இலட்சம், பெரியதன் புள்ளிகள் ஏறக்குறைய 20.7 இலட்சம். நொடிக்கு 60 படம், புள்ளிக்கு 18 பிட்டு என வைத்துப் பெருக்கின், சிறியதற்கு நொடியொன்றிற்கு 113 கோடி பிட்டும் பெரியதற்கு 224 கோடி பிட்டும் வேண்டும். ஈ.டி.பி. கேபிளில் ஓரிணைக் கம்பி நொடிக்கு 270 கோடி பிட்டைச் சுமக்கும் வேகத்தில், காவற்குறிகள் போக எஞ்சுவது ஐந்தில் நான்கு பங்காகிய 216 கோடியே. ஆகவே சிறிய திரைக்கு ஓரிணை போதும். பெரியதற்கு ஓரிணை போதாது, ஈரிணை வேண்டும். செலவு குறைக்கும் பொருட்டுச் சில கணினிகளுடன் வந்த கேபிளில் ஓரிணைக் கம்பியே இழுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது இணையின் பின்கள் கம்பியின்றி வெறுமையாய் நிற்கும். அத்தகைய கேபிளை மாற்றாது திரையை மட்டும் மாற்றுதல், ஒற்றையடிப் பாதையில் இரட்டை மாட்டுவண்டியை ஓட்டுதல் போலாம். தாய்ப்பலகையும் ஈரிணையைத் தரவல்லதோ என்று முன்னரே அறிந்துகொண்டு, உரிய கேபிளையும் சேர்த்தே வாங்குதல் வேண்டும்.

திரை வெண்மையாய் நிற்பதைப்பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. பத்தில் எட்டு முறை கேபிளின் முனை முற்றும் செருகப்படாமையே காரணம் என்பது எம் அனுபவம். பாட்டரியை விலக்கி, கேபிளை எடுத்து, நேராக மீண்டும் செருகி, மேலுள்ள உலோகப் பூட்டைச் சாய்த்து, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் நீங்கும். தாய்ப்பலகைப் பக்கத்து முனையையும் பார்த்தல் வேண்டும். திரையை இழுக்கும்பொழுது அதுவும் தளர்ந்திருக்கக் கூடும்.

நிறங்கள் பிறழ்ந்து, முகங்கள் நிழற்படத்தின் நெகட்டிவ் போலவோ நீர்வண்ணப் பூச்சுப்போலவோ தோன்றுமாயின், பழைய முறைத் திரைகளில் செய்தி இணைகளுள் ஒன்று தொடவில்லை என்றோ, 6 பிட்டுத் திரைக்கும் 8 பிட்டுத் திரைக்கும் உள்ள அமைப்பு வேறுபாடு தலையிட்டது என்றோ கொள்க. முன்னதைச் செருகித் திருத்தலாம். பின்னதற்குத் திரையை மாற்றிக்கொள்ளுதலே வழி.

கோடுகள் தோன்றினால் முதலில் அவை எங்கே பிறக்கின்றன என்று காணல் வேண்டும். இதற்கு அழகியதொரு சோதனை உண்டு. திரையில் தோன்றுவதைக் கணினியைக் கொண்டே படமெடுத்து, அப்படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தல். கைப்பேசியிலும் கோடு தோன்றின், குற்றம் படம் வரையும் சில்லினதோ அதற்குரிய நிரலினதோ ஆகும். கைப்பேசியிற் படம் தூயதாயின், குற்றம் கேபிளிலோ திரையிலோ உள்ளது. கணினி எழும்பொழுது பயாஸ் பக்கத்திலேயே கோடு தோன்றினும் விண்டோஸைப் பழித்தலிற் பயனில்லை. சில உற்பத்தியாளர் திரை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வழியையும் வைத்துள்ளனர். டெல் கணினிகள் பலவற்றில் 'டி' விசையை அழுத்திக்கொண்டே இயக்கினால், திரை வெண்மை, கருமை, செம்மை, பச்சை, நீலம் என நிறங்களை மாறிமாறிக் காட்டும். அந்நிறங்கள்மேலும் கோடு நின்றால் திரையோ அதன் கேபிளோ குற்றமுடையது. கேபிளைச் செருகிப் பார்த்தும் மேலிருந்து கீழாகச் செல்லும் ஒரு கோடு அசையாது நிற்குமாயின், திரையின் விளிம்பில் ஒட்டியுள்ள மெல்லிய நாடாக்களுள் ஒன்று பொருத்தும்பொழுது அழுந்தி விட்டிருக்கும், அன்றேல் வரும்பொழுதே பழுதாய் வந்திருக்கும். இரண்டனையும் கையால் திருத்துதல் இயலாது.

இதனாலேயே, திரையைச் சட்டத்தினுள் ஒட்டுமுன் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடல் வேண்டும் என்று யாம் மாணவரை வற்புறுத்துவது. விசைப்பலகையின்மேல் மெல்லிய துணியை விரித்து, அதன்மேல் திரையைச் சாய்த்து வைத்து, பாட்டரி விலக்கிய நிலையிற் கேபிளைச் செருகி, அதன்பின் பாட்டரியை இணைத்து இயக்கி, ஒவ்வொரு நிறத்திலும் கண்ணோட்டிய பின்னரே அணைத்து, மறுபடி பாட்டரியை விலக்கி, ஒட்டுநாடாவின் தாளை உரித்தல் வேண்டும். முன்புறக் காப்புத்தாளை அதுவரை உரித்தலாகாது. உரித்த திரையைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்பக் கொள்வதில்லை. சிலர் ஒட்டியபின் சோதித்து, குறைகண்டு, நெம்பியெடுக்கையில் நல்ல திரையையும் உடைப்பர்.

எல்லாம் சரியாயிருந்தும் திரை திடீரென அணைகின்றதாயின் காந்தத்தையும் நினைவிற் கொள்க. மூடியில் ஒரு சிறு காந்தமும், உடலில் அதனை உணரும் கருவியும் உண்டு. மூடி மூடிற்று என்று கணினி அறிவது அதனாலே. சட்டத்தைப் பிரிக்கும்பொழுது அக்காந்தம் கழன்று வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளுதல் உண்டு. காந்தத் திருப்புளியை விசைப்பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு, 'திரை எரியவில்லை' என்று அரைமணி நேரம் அலைந்தாரும் எம் ஆய்வுக்கூடத்தில் உளர். அவர் பெயரைச் சொல்லோம். இக்கட்டுரையை எழுதுவாருள் ஒருவர்.

நிரல்பற்றியவை சிலவே. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலாதாயின், படச்சில்லின் டிரைவரை நீக்கி, கணினி உற்பத்தியாளர் தளத்தினின்று மறுபடி நிறுவிப் பார்க்கலாம். வெளிமானிட்டரை இணைத்துப் பார்த்தபின், படம் அங்கேயே நிற்கும்படி அமைப்பை மறந்து விட்டுவிடுதலும் உண்டு; அதனை மாற்றுக. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி என்னும் நான்கு விசைகளை ஒருங்கே அழுத்தினால் படச்சில்லின் டிரைவர் புதிதாய் எழும். சிற்சில பொழுது அதுவே போதும். இங்கே 'பி' என்றது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. முன்னர் மானிட்டருக்குக் கூறியது பதினாறாம் எழுத்து. புதுத்திரை ஒவ்வொன்றும் தன் அளவையும் இயல்பையும் கூறும் 128 பைட்டு அளவுள்ள குறிப்பொன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. கணினி எழும்பொழுது அதனைப் படித்தே படத்தின் அளவை முடிவுசெய்யும். அக்குறிப்பைப் படிக்க இயலாதபொழுது படம் தவறிய அளவில் தோன்றும். அப்பொழுதும் ஐயுறத்தக்கது பெரும்பாலும் கேபிளே. அடிமூடியைத் திறந்த பின் கணினி ஒலியெழுப்பியோ விளக்கை மினுக்கியோ எழாது நிற்பின், நினைவகத் தகடு தளர்ந்ததோ என்று பார்க்க; அதற்கும் திரைக்கும் தொடர்பில்லை.

இனி எம் மாணவர் கணினிக்கு வருவோம். இரண்டாம் பியூஸ் ஏன் எரிந்தது? முதல் பியூஸ் எரிந்ததன் காரணத்தை யாம் கண்டுவிட்டதாக எண்ணினோம். பாட்டரியைக் கழற்றாமையே காரணம் என்று கொண்டோம். அவரை வினவி அவர் ஒப்புக்கொண்ட அப்பொழுதே எம் தேட்டம் நின்றுவிட்டது. பியூஸை மாற்றுமுன், பின்னொளிக் கம்பிக்கும் கணினியின் உலோக உடலுக்கும் இடையே தடையை அளந்திருத்தல் வேண்டும். அளந்திருந்தாலும், மூடி திறந்திருந்த நிலையில் ஒன்றும் தெரிந்திராது என்பதும் பின்னர் விளங்கிற்று. ஒளி எரிந்தது மூடி திறந்திருந்தபொழுது. அணைந்தது மூடி மூடித் திறந்தபின். இக்குறிப்பு எம் கண்முன்னே இருந்தும், தேநீர் அருந்தச் சென்றமையால் இடையில் நிகழ்ந்ததை யாம் ஒன்றாகவே கருதவில்லை. அதனை எடுத்துக் காட்டியவர் அம்மாணவரே. "மூடும்போதுதானே ஐயா போயிருக்கும்?" என்றார்.

பாட்டரியை விலக்கி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பின்னொளிக் கம்பியிலும் மற்றொன்றைக் கீலின் உலோகத்திலும் வைத்து, மூடியை மெல்ல மெல்லச் சாய்த்தோம். பாதி மூடியதும் கருவி ஒலித்தது, திறந்ததும் நின்றது. கீலின் உறையைக் கழற்றிக் கேபிளை அதன் வாய்க்காலினின்று வெளியே எடுத்தோம். திரையை மாற்றும்பொழுது கேபிள் வாய்க்காலுக்கு வெளியே வந்திருக்கிறது. அதனை உள்ளே செலுத்தாது உறையை அமுக்கி மூடியிருக்கிறார்கள். கீலின் விளிம்பு கம்பியின் மேற்றோலைக் கத்திபோல் அறுத்து, உள்ளே செம்பு மின்னிக்கொண்டிருந்தது. மூடும்பொழுதெல்லாம் அச்செம்பு கீலைத் தொட்டது. தொட்டபொழுது பியூஸ் எரிந்தது. பாட்டரியைக் கழற்றாமை ஒரு பிழைதான்; ஆயின் அன்று எரித்தது அதுவன்று.

அறுந்த தோலின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றிவிடலாமே என்றார் எம்முள் ஒருவர். கீலில் நாள்தோறும் பன்முறை வளையும் கம்பிக்கு அவ்வொட்டு நில்லாது என்று பிறர் மறுத்தோம். கேபிளின் மீதுள்ள எண்ணைக் குறித்துப் புதிதொன்று வருவித்தோம். அது வர ஐந்து நாள் சென்றன. அவ்வைந்து நாளும் மாணவர் ஆய்வுக்கூடத்து மானிட்டரில் தம் கணினியை இணைத்து, மாலைதோறும் அமர்ந்து, திட்டக்கட்டுரையின் கடைசி இயலை எழுதினார். ஆறாம் நாள் புதுக்கேபிளை வாய்க்காலின் வழியே இழுத்து, மூன்றாவது பியூஸைப் பற்றவைத்து, உறையைப் பூட்டுமுன்னர் மூடியை ஐம்பது முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் கருவி ஒலிக்கின்றதா என்று கேட்டோம். ஒலிக்கவில்லை. பாட்டரியை இணைத்தோம், எரிந்தது, மூடித் திறந்தோம், எரிந்தது. புதுத்திரைக்கு இதனால் யாதொரு தீங்கும் நேரவில்லை. கேபிளும் பியூஸ் மூன்றும் சேர்ந்து, கடைக்காரர் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே ஆயின.

அறுந்த பழைய கேபிளும், எழுதுகோலால் உடைந்த பழைய திரையும் எம் ஆய்வுக்கூட அலமாரியின் இரண்டாந் தட்டில் உள்ளன. 30 பின் வாய் எத்தகையது, கேபிள் கீலின் எந்தப் பக்கத்தில் செல்லவேண்டும் என்பவற்றைத் தம் கணினியைத் திறக்குமுன் காண விரும்பும் மாணவர், வேலைநாள்களில் மாலை நான்கு மணிக்குமேல் வந்து கேட்டால், எடுத்துக் காட்டுவோம். எழுதுகோல் அழுந்திய தழும்பும் அத்திரையில் இன்னும் தெளிவாய்த் தெரிகின்றது.